எழுத்து யாருடைய உடைமை?

கிராண்ட்பாஸில் உள்ள பாடசாலையொன்றில் உயர்தர வகுப்பு மாணவர்க்குத் தமிழ் கற்பிக்கும் பணி எம்முடையது. சென்ற தவணையில் ஒருநாள், இலக்கிய விமர்சன நூலொன்றின் ஓர் அத்தியாயத்தைப் பிரதி செய்வித்து வகுப்பிலே பகிர்ந்தளித்தோம். அந்நூல் இன்று எந்தப் புத்தகசாலையிலும் கிடைப்பதில்லை. பாடசாலை நூலகத்தில் இருப்பதோ முதுகு கிழிந்த ஒரேயொரு படி. தாள்களைப் பெற்றுக்கொண்ட மாணவியொருத்தி எழுந்து, "சேர், புத்தகத்தைக் காசு குடுத்து வாங்காம இப்படிக் கொப்பி எடுக்கிறது களவில்லையா?" என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. புறக்கோட்டையில் மூட்டை சுமந்து பிழைக்கும் தொழிலாளியின் மகள் அவள். பிறர் பொருளைத் தொடலாகாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். அவளுக்கு அது மெய்யான ஐயம்.

அன்று சட்டத்தைக் காட்டி அவ்வையத்தைத் தீர்த்துவைத்தோம். எமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், விமர்சனம், கற்பித்தல், ஆராய்ச்சி முதலியவற்றுக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்துவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று கூறுகின்றது. வகுப்பறைக்காகப் பல பிரதிகள் எடுப்பதையும் அது பெயர் சொல்லியே ஏற்றுக்கொள்கின்றது. "ஆகவே, பிள்ளை, இது களவு அல்ல" என்றோம். அவளும் அமர்ந்துகொண்டாள்.

ஆனால் அடுத்த கிழமையே அவள் இன்னொரு வினாவோடு வந்தாள். வெளிநாட்டிலிருக்கும் அவளுடைய மாமா ஒரு மின்னூலை விலைகொடுத்து வாங்கியிருந்தார். அதை மருமகளுக்குக் கொடுக்க விரும்பினார், முடியவில்லை. அந்நூல் அவருடைய கணக்கில், அவருடைய கருவியில் மட்டுமே திறக்கும். ஒரு பக்கத்தைக்கூடப் பிரதி செய்ய அது இடந்தரவில்லை. "காசு குடுத்து வாங்கின புத்தகத்தை மாமாவால எனக்குத் தர ஏலாது எண்டா, அது அவற்ற புத்தகம்தானா, சேர்?" என்று அவள் கேட்டாள். இம்முறை சட்டத்தைக் காட்டி நாம் தப்பமுடியவில்லை. முதல் வினாவிலும் இரண்டாம் வினா கூர்மையானது. முதலாவது, வாங்காதவனின் ஒழுக்கத்தைப் பற்றியது. இரண்டாவது, விற்றவனின் ஒழுக்கத்தைப் பற்றியது.

இவ்விரு வினாக்களுக்கும் அடியில் கிடப்பது ஒரே பிரச்சினை: எழுத்து யாருடைய உடைமை? இதனை ஆசிரியர்களும் மாணவர்களும் சற்று ஆழ்ந்து ஆராய்தல் நன்று. ஏனெனில் நாளாந்தம் பிரதி எடுப்பவர்கள் நாமே. களவாளிகள் என்று முதலிற் சுட்டப்படுபவர்களும் நாமே.

ஒருவனுடைய குடையை மற்றொருவன் எடுத்துச் சென்றால், உரியவன் மழையில் நனைகின்றான். ஒருவன் பாடிய பாட்டை மற்றொருவன் கற்றுக்கொண்டால், பாடியவன் பாட்டை இழப்பதில்லை. பாட்டு இருவரிடத்தும் இருக்கின்றது. பொருட்களைப் பற்றிய நீதியை அப்படியே சொற்களுக்குப் பொருத்துவதில் உள்ள இடர்ப்பாடு இதுவே. குடை கொடுக்கக் குறையும். கல்வி கொடுக்கக் குறையாது. இது நம் முன்னோர் நன்கு அறிந்திருந்த உண்மை.

எமது இலக்கியம் பிரதி செய்தவர்களாலேயே உயிர்பெற்றிருக்கின்றது. பனையோலை நிலைத்து நிற்பதன்று. கறையான் அரிக்கும், காலம் சிதைக்கும். தலைமுறைக்குத் தலைமுறை எவனோ ஒருவன் அமர்ந்து, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதினான். அவனுடைய பெயரை நாம் அறியோம். அவன் எழுதாது விட்டிருந்தால் சங்கத் தொகை நூல்கள் எவையும் எம் கைக்கு வந்திரா. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது அவர் முன் இருந்தவை, பெயரறியாத பலர் பிரதி செய்து பிரதி செய்து காத்துவைத்த ஏடுகளே.

இதன் மறுபுறத்தையும் நாம் கண்டிருக்கின்றோம். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்தில் படி இருந்த நூல்கள் மீண்டன. வேறிடத்தில் படி இல்லாதவை மீளவே இல்லை. அந்த இரவில் நூலுக்கும் அழிவுக்கும் நடுவே நிற்கக்கூடியதாக இருந்தது பிரதி ஒன்றுதான். அதனாலேதான் 2005 முதல் நூலகம் நிறுவனத்தினர் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் தேடி மின்வடிவாக்கி வருகின்றனர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் பழந்தமிழ் நூல்களை அவ்வாறே இணையத்தில் இட்டது. ஏடு எழுதியவனின் வழித்தோன்றல்கள் இவர்களே.

அவ்வாறாயின் பதிப்புரிமை என்பது எங்கிருந்து வந்தது? அது இயற்கை உரிமையன்று. மனிதர் செய்த உடன்படிக்கை. இங்கிலாந்தில் 1710இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டமே இத்துறையின் முதற் சட்டமாகக் கூறப்படுகின்றது. கல்வியை வளர்ப்பதே தன் நோக்கம் என்று அச்சட்டம் தன் தலைப்பிலேயே கூறிக்கொண்டது. புதிய நூலை ஆக்கியோனுக்கு 14 ஆண்டுக்காலம் உரிமை. அக்காலம் முடிந்தபின்னும் அவன் உயிரோடிருப்பின் இன்னும் 14 ஆண்டு. அதன்பின் நூல் எல்லோருக்கும் பொது. சமூகம் எழுத்தாளனை நோக்கி, 'சில காலம் நீ மட்டுமே விற்றுப் பிழைத்துக்கொள். பின்னர் எமக்குத் தந்துவிடு' என்று சொன்ன பேரம் அது. அப்பேரத்தில் நியாயம் இருந்தது.

இன்று அப்பேரம் என்னவாயிற்று? எமது நாட்டின் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆக்கியோன் இறந்து 50 ஆண்டுகள் வரை உரிமை நீடித்தது. உலக வர்த்தக அமைப்போடு 1995இல் நடைமுறைக்கு வந்த புலமைச் சொத்து உடன்படிக்கையும் பொதுவாகக் கேட்பது 50 ஆண்டுகளே. அயல்நாடான இந்தியா 60 ஆண்டோடு நிற்கின்றது. 2003இல் நாமோ 70 ஆண்டு என்று எழுதிக்கொண்டோம்! கேட்டதற்கு மேலாகக் கொடுத்த கைகள் எம்முடையவை. இறந்துபோன எழுத்தாளன் இந்த 70 ஆண்டைக் கண்டு உற்சாகமுற்று இன்னொரு நாவல் எழுதப்போவதில்லை. ஆகவே இந்நீட்டிப்பு எழுத்தை ஊக்குவிப்பதற்கன்று. உரிமையைக் கையில் வைத்திருப்போரின் வருமானத்தை நீட்டிப்பதற்கே.

இதன் விளைவை அறிய நாம் தொலைவிற் செல்லவேண்டியதில்லை. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, எமது கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து வீரகேசரிப் பிரசுரங்களாக ஈழத்து நாவல்கள் வெளிவந்தன. மலிவு விலையில், சாதாரண தாளில் வந்த அந்நூல்கள் ஈழத்து வாசகர் கூட்டமொன்றை உருவாக்கின. இன்று அவற்றுட் பலவற்றைக் கடையிற் காணமுடியாது. அந்நாளைய எழுத்தாளர் ஒருவர் 1990இல் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நாவலுக்குள்ள பூட்டு 2060ஆம் ஆண்டு வரை திறவாது. உரித்தாளர்களோ ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சிதறியிருப்பர். தமக்கு இப்படியொரு உரிமை உண்டென்பதையே பலர் அறியார். அச்சிட விரும்புவோர் யாரிடம் அனுமதி கேட்பது? உரியவரைக் கண்டுபிடிக்க முடியாத இத்தகைய அநாதை நூல்களுக்கென்று எமது சட்டத்தில் தனி ஏற்பாடு இல்லை. தாளோ அறுபது ஆண்டு பொறுத்திராது. ஒருவருக்கும் ஒரு சதமும் பெற்றுத் தராத உரிமை, நூலை மட்டும் மெல்ல மெல்லக் கொல்கின்றது.

இத்தகைய நிலைமையை எதிர்த்து எழுந்த மக்கள் கிளர்ச்சி தமிழருக்குப் புதிதன்று. பாரதி 1921இல் வறுமையில் மாண்டான். அவனுடைய எழுத்தின் உரிமை பின்னர் கைமாறிற்று. பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் ஒலிக்கச்செய்யும் உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரை வந்தடைந்தது. 1948ஆம் ஆண்டளவில் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதியின் பாடல் இடம்பெற்றபோது, அது வழக்காக மாறிற்று. விடுதலையைப் பாடியவனின் பாடலைப் பாடுவதற்கு விடுதலை இல்லையா என்று தமிழகம் கேட்டது. எழுத்தாளர்கள் ஒன்றுகூடினர், பத்திரிகைகள் எழுதின, பாரதியை நாட்டின் பொதுவுடைமையாக்குக என்ற குரல் வலுத்தது. 1949 மார்ச்சில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அரசாங்கம் உரிமையை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையைப் பணம் பெறாமலே ஒப்படைத்தார். குடும்பத்தாருக்கு அரசாங்கம் பணம் வழங்கிற்று. 1950களின் நடுப்பகுதியில் பாரதியின் எழுத்து எவரும் அச்சிடத்தக்க பொதுச்சொத்தாயிற்று. சட்டத்தின் கணக்குப்படி காத்திருந்தால் அது 1971 முடியும்வரை பூட்டிக்கிடந்திருக்கும்.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பாரதியின் விடுதலையைக் கேட்டவர்கள் அவனுடைய குடும்பத்தைப் பட்டினியில் விட்டுவிடும்படி கேட்கவில்லை. குடும்பத்துக்கு உரியதைப் பொதுப்பணம் கொடுத்தது. எழுத்து மக்களுக்குச் சென்றது. எழுத்தாளனின் கூலியும் வாசகனின் உரிமையும் ஒன்றையொன்று தின்றே வாழவேண்டும் என்பது பொய் என்பதற்கு அதுவே சான்று. அன்று தொடங்கிய நாட்டுடைமையாக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் தொடர்கின்றது. புதுமைப்பித்தனின் எழுத்தும் 2002இல் அவ்வாறு பொதுவாயிற்று. எம் நாட்டில் அத்தகைய வழக்கம் வேரூன்றவில்லை.

பாரதியின் காலத்துப் பூட்டு நீதிமன்றத்தில் இருந்தது. இன்றைய பூட்டு நூலுக்குள்ளேயே இருக்கின்றது. மாணவியின் இரண்டாம் வினாவுக்கு இங்கேதான் விடை தேடவேண்டும்.

1998இல் ஐக்கிய அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. மின்வடிவப் படைப்புக்கு இடப்பட்ட தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதே குற்றம் என்று அது விதித்தது. பிரதி எடுத்தவனின் நோக்கம் நியாயமானதா என்ற கேள்வி இரண்டாமிடத்துக்குப் போயிற்று. பூட்டைத் தொட்டானா என்பதே முதற் கேள்வியாயிற்று. பூட்டை மீறுவதற்கென்றே ஆக்கப்பட்ட கருவிகளை விற்பனைக்காகச் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் தடுக்கும் விதி எமது 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. இங்குள்ள முரண்பாட்டை நோக்குக. வகுப்பறைக்காகப் பிரதி எடுக்கலாம் என்று ஒரு பிரிவு கூறுகின்றது. பிரதி எடுக்கவிடாத பூட்டுக்கு இன்னொரு பிரிவு காவல் நிற்கின்றது. சட்டம் வலக்கையாற் கொடுத்த உரிமையை நிறுவனம் பூட்டினாற் பறிக்கின்றது. பறித்ததற்குச் சட்டத்தின் இடக்கை துணைபோகின்றது. தாளில் எமக்குள்ள உரிமை திரையில் எமக்கில்லை. நாடாளுமன்றம் கூடி இவ்வுரிமையை நீக்கவில்லை. ஓசையின்றி அது நீங்கிவிட்டது.

2009 யூலையில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதனை உலகுக்குக் காட்டிற்று. ஜோர்ஜ் ஓர்வெல்லின் இரு நாவல்களை மின்னூலாக விற்ற அமேசன் நிறுவனம், விற்ற பதிப்புக்கு உரிய உரிமை இல்லை என அறிந்ததும், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அவற்றை நீக்கிவிட்டது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது; நிறுவனத்தின் தலைவரும் பின்னர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் புத்தகசாலைக்காரன் நள்ளிரவில் எமது வீட்டுக்குள் புகுந்து, அலுமாரியிலிருந்த நூலை எடுத்துக்கொண்டு, மேசையில் காசை வைத்துவிட்டுப் போனால் அதை நாம் வணிகம் என்று கூறுவோமா? நீக்கப்பட்டவற்றுள் ஒன்று, அரசு பழைய எழுத்துக்களை அழித்து வரலாற்றை மாற்றுவதைச் சித்திரிக்கும் நாவல் என்பதை நினைக்கும்போது சிரிப்பும் வருகின்றது, அச்சமும் வருகின்றது. மாணவியின் மாமா வாங்கியது நூலன்று. படிப்பதற்கான ஓர் அனுமதிச் சீட்டு. அதை நூல் என்ற பெயரில் அவருக்கு விற்றார்கள்.

இத்தகைய சட்டங்கள் மேலும் இறுகியபோது மக்கள் வாளாவிருக்கவில்லை. உரிமைக்காரரின் முறைப்பாட்டின் பேரில் இணையத்தளங்களையே முடக்க வழிசெய்யும் மசோதா அமெரிக்கக் காங்கிரசின் முன் வந்தபோது, 2012 ஜனவரி 18ஆம் நாள் ஆங்கில விக்கிப்பீடியா ஒருநாள் முழுவதும் தன் பக்கங்களை இருட்டாக்கிற்று. இரண்டே நாளில் மசோதா ஒத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டில் போலந்து முதலிய நாடுகளின் வீதிகளில், கடும் குளிரில், இளைஞர்கள் அக்டா என்ற பன்னாட்டு உடன்படிக்கையை எதிர்த்து நின்றனர். யூலை 4ஆம் நாள் ஐரோப்பியப் பாராளுமன்றம் 478க்கு 39 என்ற வாக்குகளால் அதனை நிராகரித்தது.

எமக்கு இன்னும் நெருக்கமான போராட்டம் டில்லியில் நடந்தது. டில்லிப் பல்கலைக்கழக வளாகத்துச் சிறிய பிரதிக்கடையொன்று, பாடத்துக்கு வேண்டிய அத்தியாயங்களைத் தொகுத்துப் பிரதி செய்து மாணவர்க்கு விற்றது. 2012இல் ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகங்களும் டெய்லர் அன்ட் பிரான்சிஸ் நிறுவனமும் அக்கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்கிட்டன. மாணவரும் ஆசிரியரும் தாமே சங்கமாகத் திரண்டு வழக்கில் இணைந்தனர். அந்நூல்களை எழுதிய அறிஞர்கள் சிலரே பதிப்பகங்களைக் கண்டித்துத் திறந்த மடலில் ஒப்பமிட்டனர். 2016 செப்டெம்பரில் டில்லி மேல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பதிப்புரிமை தெய்வம் தந்த உரிமையன்று, அறிவை வளர்க்கச் சமூகம் வகுத்த ஏற்பாடு என்பதே அத்தீர்ப்பின் சாரம். மேன்முறையீட்டிலும் அக்கருத்தின் அடிப்படை நிலைத்தது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. எம் வகுப்பு மாணவி கேட்ட முதல் வினாவுக்கு டில்லி மாணவர் ஐந்தாண்டு போராடி விடை பெற்றுத் தந்திருக்கின்றனர்.

இத்தனையும் கூறியபின், எம்மீது எழக்கூடிய ஒரு நியாயமான கண்டனத்துக்கு நாம் முகங்கொடுக்கவேண்டும். ஈழத்து எழுத்தாளன் எவ்வாறு நூல் வெளியிடுகின்றான்? பெரும்பாலும் தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சில நூறு படிகளை அச்சிட்டு, வெளியீட்டு விழா வைத்து, எஞ்சியவற்றைத் தன் கட்டிலுக்கடியில் அடுக்கிவைக்கின்றான். அவனுடைய நூலை எவரோ மின்பிரதியாக்கி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால், அவன் அழுவதில் நியாயம் இல்லையா? உண்டு. முழுமையாக உண்டு. 'அறிவு பொதுச்சொத்து' என்ற பெரிய வசனத்தைச் சொல்லிக்கொண்டு, ஒரு வேளைத் தேநீர்ச் செலவையும் அவ்வெழுத்தாளனுக்குக் கொடுக்க மறுப்பவன் முற்போக்காளன் அல்லன். உழைப்பைச் சுரண்டுபவர்களில் அவனும் ஒருவன். பிறர் நூலைத் திருட்டுத்தனமாக அச்சிட்டு இலாபம் பார்க்கும் வியாபாரியைப் பற்றிச் சொல்லவேண்டியதே இல்லை. வாங்க வசதியுள்ளவன் வாழும் எழுத்தாளனின் நூலை வாங்கவேண்டும். இது சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதன்று, கடன்.

ஆயின், இக்கண்டனத்தையே கேடயமாக ஏந்திக்கொண்டு பெருநிறுவனங்கள் வரும்போது நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். கட்டிலுக்கடியில் நூலை அடுக்கிவைத்திருக்கும் எழுத்தாளனை 70 ஆண்டுச் சட்டம் காத்ததா? மின்பூட்டுக் காத்ததா? அவனுக்குத் தேவைப்பட்டது பூட்டன்று, வாசகன். தேவைப்பட்டது, அவனுடைய நூலை விலைகொடுத்து வாங்கும் பொது நூலகங்கள். ஒழுங்காகக் கணக்குக் காட்டும் பதிப்பாளன். நியாயமான விலையில் தாள். 2022 மார்ச்சில் தாள் இன்மையால் எமது மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவை அண்மித்தது. தமிழகத்திலிருந்து வரும் நூலின் விலை சாதாரண குடும்பத்தின் கைக்கெட்டாது போயிற்று. அந்நாட்களில் எம் மாணவர் படித்தவை எவரோ அனுப்பிய மின்பிரதிகளே. அப்பிள்ளைகளைக் களவாளிகள் என்று அழைப்பவர், அவர்கள் படியாதிருந்திருந்தால் எந்த எழுத்தாளன் எத்தனை ரூபா மிகுதியாகப் பெற்றிருப்பான் என்பதைக் கூறட்டும். வாங்க இயலாதவன் வாசிக்காதிருப்பதால் எழுத்தாளனின் பையில் ஒரு சதமும் விழுவதில்லை. வருங்கால வாசகன் ஒருவன் மட்டும் தொலைந்துபோகின்றான்.

ஆகவே நாம் வேண்டுவன எவை? பதிப்புரிமை ஒழிக என்று நாம் கூறவில்லை. எழுத்தாளன் வாழும் காலத்தில் அவன் உழைப்பின் பயனை அவனே பெறுக. இறந்தபின் நீளும் 70 ஆண்டு குறைக்கப்படுக. குறைந்தபட்சம் உலக உடன்படிக்கை கேட்கும் 50 ஆண்டோடாவது நிற்க. உரியவரைத் தேடியும் காணமுடியாத நூல்களை நூலகங்கள் காத்துப் பரப்பச் சட்டம் இடந்தருக. உரியவர் பின்னர் வந்தால் அவருக்குரியது கொடுக்கப்படுக. சட்டம் அனுமதித்த பயன்பாட்டுக்காக மின்பூட்டைத் திறப்பது குற்றமாகாது என்று தெளிவாக எழுதப்படுக. 1949இல் சென்னையில் நடந்ததைப் போன்று, மறைந்த எழுத்தாளர்களின் உரிமையை அரசு பணங்கொடுத்துப் பெற்று மக்களுக்கு விடுக.

இவை கனவுகள் என்று சிலர் கூறுவர். புலமைச் சொத்து உடன்படிக்கையை உள்ளடக்கிய உலக வர்த்தக ஒப்பந்தம் 1994இல் ஒப்பமிடப்பட்ட நகரம் மொரோக்கோவிலுள்ள மராக்கேஷ். அதே நகரத்தில் 2013இல் இன்னொரு உடன்படிக்கை பிறந்தது. விழிப்புலன் இழந்தோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களைப் பிரதி செய்வதற்குப் பதிப்புரிமை தடையாகாது என்று அது விதித்தது. பல்லாண்டுக்காலம் பார்வையற்றோரின் அமைப்புக்கள் விடாது போராடியதன் பயன் அது. எமது நாடும் 2016இல் அதில் இணைந்தது. பூட்டுச் செய்த ஊரிலேயே திறப்பும் செய்யப்பட்டது. கேட்டவர்கள் இருந்ததனால் செய்யப்பட்டது.

அம்மாணவிக்கு நாம் இறுதியாகக் கூறிய விடை இதுதான்: "உன்னுடைய மாமா வாங்கியதை உனக்குத் தரமுடியாமற் செய்தவர்களிடமும் நீ அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும், பிள்ளை. களவு எது என்று அவர்களும் சொல்லட்டும்." அவள் சற்று யோசித்துவிட்டு, வகுப்பிற் கொடுத்த அந்தப் பிரதியைத் தன் தங்கைக்காக எடுத்துவைக்கலாமா என்று கேட்டாள். எடுத்துவை என்றோம். ஏட்டைப் பிரதிசெய்து வைத்த பெயரறியா மனிதனும் இதையேதான் செய்தான்.